எங்கள் ஊர் லிட்டில் லீக் கோச் தவறிவிட்டார்: உங்கள் பிள்ளைகளின் கோச்சுகளைப் பற்றியும் எழுதுங்கள்

காவிரிக்கரை (பென்சில்வேனியா)

எங்கள் ஊர் லிட்டில் லீக்கின் (சின்னப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பு) கோச் போன வாரம் தவறிவிட்டார். கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. குடும்பத்தைக் கேட்காமல் பெயர் போட மனமில்லை. கோச் என்றே எழுதுகிறேன், இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மைதானத்துக்கு வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான்.

பிலடெல்பியாவுக்கு மேற்கே இருக்கிற ஊர் எங்களுடையது. அவர் எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் வேலை முடிந்து நேராக வேனோடு மைதானத்துக்கு வந்துவிடுவார், வேனின் பின்பக்கம் ஒரு ஓரத்தில் ஒயர் சுருள்கள், மறு ஓரத்தில் பந்து வாளி. இருபது வருஷத்துக்கும் மேலாகச் சம்பளமில்லாமல் இதைச் செய்தவர். ஆரம்பித்தது மகளுக்காக. அந்தப் பெண்ணுக்கு பேஸ்பால்தான் பிடித்தது, பெண் பிள்ளைகள் வழக்கமாக ஆடுகிற சாஃப்ட்பால் வேண்டாம் என்றாள். அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற டிரைஅவுட்டில் ஒரு கோச்சும் அவளை எடுக்க முன்வரவில்லையாம். சரி, நானே ஒரு அணியை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்ப் பெயர் கொடுத்தாராம். அவள் வளர்ந்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். அவர் மட்டும் அதே மைதானத்தில், அதே வாளியோடு, மற்றவர்கள் பிள்ளைகளோடு இருந்தார்.

நாங்கள் இங்கே குடிவந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள். முதல் பயிற்சியில் பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கையில் பிடித்தபடி முதல் பேஸுக்கு (ஓடித் தொடவேண்டிய முதல் இடம்) ஓடினாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கிட்டே வந்து முழங்காலிட்டு, உங்கள் ஆட்டத்தில் ஏன் மட்டையோடு ஓடுவீர்கள் என்று அவளிடமே கேட்டார். அவள் கிரீஸைத் தொடுவதற்கு என்று விளக்க, அவர் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம்தான், இங்கே பேஸைக் காலால்தான் தொடவேண்டும், அதனால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடு என்றார். எட்டு வயதுப் பிள்ளையிடம் இப்படிப் பேசுகிற பெரியவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவள் இடதுகைக்காரி. இடதுகைக்காரர்களுக்கான க்ளவ் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். அவர் வீட்டு கராஜில் பழைய க்ளவ்கள் ஒரு மூட்டை இருந்தன. அதில் ஒன்றை எடுத்து எண்ணெய் தடவி, கட்டை விரலால் உள்ளங்கைப் பகுதியை அழுத்தி அழுத்தி நீவி, நடுவில் ஒரு பந்தை வைத்து மூடி, இரண்டு தடித்த ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, ராத்திரி மெத்தைக்கு அடியில் வைத்துப் படு என்று சொல்லிக் கொடுத்தார். காசு எவ்வளவு என்று கேட்டேன். கை பெரிதானதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்றார்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கவேண்டும்: சனிக்கிழமை அஞ்சலி, இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அவர் நினைவாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறோம். என்ன செய்தால் சரியாக இருக்கும்?

இடதுகை (நியூ ஜெர்ஸி)

ஆழ்ந்த அனுதாபங்கள். படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவே கோச்சாக வருவதில் பெரிய அநியாயமும் நடக்கிறது. எங்கள் ஊர் லீக்கில் என் மகன் ஆடிய அணியில் கோச்சின் மகன்தான் எப்போதும் பிட்சர் (பந்து எறிகிறவர்), பிட்ச் போடாத நேரத்தில் பந்து அதிகம் வருகிற ஷார்ட்ஸ்டாப் இடம், பேட்டிங்கிலும் முதல் ஆள். என் மகன் கடைசி இரண்டு இன்னிங்ஸ் ரைட் ஃபீல்டில் நிற்பான், பந்தே அந்தப் பக்கம் வராது. விதிப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறை பேட்டிங்கும், தொடர்ச்சியாக ஆறு அவுட் வரை ஃபீல்டிங்கும் கட்டாயம் கொடுக்கவேண்டும். அதை மட்டும் கணக்காகக் கொடுத்துவிட்டு உட்காரவைத்துவிடுவார்கள். பையன் பன்னிரண்டு வயதில் இனி பேஸ்பாலே வேண்டாம் என்று விட்டுவிட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் கோச் அப்படி இல்லை என்று புரிகிறது. மகள் அணியில் இருந்த காலத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கவர்டிரைவ் (டெக்சஸ்)

நான் இப்போது மூன்றாவது சீசனாகக் கோச்சாக இருக்கிறேன், அதனால் இடதுகைக்கு ஒரு பதில். நீங்கள் சொல்கிற அநியாயம் உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆட்டம் பெற்றோர்கள் இல்லாமல் நடக்கவே நடக்காது. வருஷா வருஷம் பின்னணிச் சோதனைக்கு விவரம் கொடுக்கவேண்டும். மழை பெய்தால் காலையில் போய் மண்ணைக் கிளறி வாரவேண்டும், சுண்ணாம்புக் கோடு போடவேண்டும், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பந்து போட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்து போடவேண்டும். இரவு பத்து மணிக்கு, என் பையனை ஏன் ஒன்பதாவதாக பேட்டிங்கில் இறக்கினீர்கள் என்று போன் வரும். சொந்தப் பிள்ளை ஆடுகிற இரண்டு மூன்று வருஷம் ஒரு மனிதர் இதையெல்லாம் தாங்குவதே பெரிது. பிள்ளை போனபிறகும் விடாமல் மொத்தம் இருபது வருஷத்துக்கும் மேல் தாங்கினார் என்றால் அந்த மனிதரின் அருமையை ஒரு கோச்சாக என்னால் உணரமுடிகிறது.

லிட்டில் லீக் ஆரம்பித்த கதையும் காவிரிக்கரை இருக்கிற மாநிலத்துக் கதைதான். வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்று ஒருவர். 1938இல் வீட்டு முற்றத்தில் உறவுப் பையன்கள் இரண்டு பேரோடு பந்து பிடித்து விளையாடும்போது ஒரு லைலாக் புதரின் வெட்டிய குச்சி கணுக்காலைக் கீறிவிட்டது. வலியோடு உட்கார்ந்தவருக்கு, சின்னப் பையன்களுக்கு அவர்கள் அளவுக்கு ஒரு மைதானமும் நிஜமான சீருடையும் அம்பயரும் இருந்தால் என்ன என்று தோன்றியது. பெரியவர்கள் ஆடும் மைதானத்தில் பேஸ்களுக்கு இடையே 90 அடி, இவர் பையன்களை ஓடவிட்டுப் பார்த்து 60 அடியாகக் குறைத்தார். காசுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு பால் கம்பெனி 30 டாலர் கொடுத்தது. 1939 ஜூன் 6ஆம் தேதி முதல் ஆட்டம், லண்டி லம்பர் அணி 23, லைகமிங் டெய்ரி அணி 8. மூன்றே அணிகள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது.

1955இல் அமைப்பு வணிகமயமாகிறது என்று மோதல் வந்து அவர் விலகிவிட்டார். ஆனாலும் பணம் வாங்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது என்று அவர் வைத்த வழக்கம் நிற்கவில்லை. உங்கள் கோச் அந்த வழியில் வந்தவர்.

ஸ்கார்பரோக்காரர் (டொராண்டோ)

காவிரிக்கரை, உங்கட கோச்சின்ரை ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தது 90களின் தொடக்கத்தில். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. 92இலும் 93இலும் டொராண்டோவின் புளூ ஜேஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரை வென்ற காலம், பள்ளிக்கூடத்தில் பெடியள் எல்லாருக்கும் அதே கதைதான். 93இல் கடைசி ஆட்டத்தில் ஜோ கார்ட்டர் அடிச்ச ஹோம் ரன் இப்பவும் கண்ணுக்குள் நிற்குது (தோற்றது உங்கட பிலடெல்பியாதான், மன்னிக்கவேணும்). எனக்கும் ஆடவேணும் என்று ஒரே ஆசை. பதிவுக் கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை.

எங்கட தெருவில் ஒரு இத்தாலியர், கட்டட வேலை செய்தவர், தன் மகனின் அணிக்குக் கோச். ஒருநாள் கதவைத் தட்டி, அப்பாவை நித்திரையால் எழுப்பி, உங்கட மகன் சுவரில் பந்து எறிகிறதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறன், அவனை என்னோடு அனுப்புங்கோ என்று கேட்டவர். அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவருக்கும் அரைகுறை. இரண்டு பேரும் வாசலில் நின்று கையாலும் தலையாலும் கதைச்சு முடிச்சவை. கட்டணத்தை யார் கட்டினது என்று எனக்கு ஒருக்காலும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தன் பிக்அப்பில் மகனோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வரேக்கை நான் கதவைத் திறந்து உள்ளே போகுமட்டும் வாசலில் நிற்பார்.

என்ரை அப்பா காலமானபோது அவர் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு வந்து, ஆண்கள் நின்ற இடத்தில் எங்களோடு கடைசிவரை நின்றவர். தேவாரம் பாடேக்கை தலை குனிஞ்சு நின்றவர். இடதுகை, உங்கட மகனுக்கு நடந்தது பிழைதான். ஆனால் அந்த மனிதரும் ஒரு அப்பா-கோச்தான், அவரின் மகன்தான் எங்கட அணியின் பிட்சரும். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

காவிரிக்கரை (பென்சில்வேனியா)

ஸ்கார்பரோக்காரர், படித்துவிட்டு மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். நன்றி.

இடதுகை, நீங்கள் கேட்டதை அவருடைய மகளிடமே நேற்றுக் கேட்டேன். அவள் சொன்னது இது. அப்பா ஸ்கோர்புக்கின் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்பு வைப்பார், யார் இன்னும் இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய இடங்களில்) நிற்கவில்லை, யார் முதல் மூன்று பேட்டிங் இடத்தில் வரவில்லை, யார் போன ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று. உட்காரவேண்டிய முறை முதலில் வருவது மகளுக்கு. அவளுக்கு அது கோபமாகத்தான் இருந்திருக்கிறது, சின்ன வயதில் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள். அப்பாவிடம் கேட்டதற்கு, உனக்கு வீட்டு முற்றத்தில் தினமும் நான் பந்து போடுகிறேன், அவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கிறது என்றாராம். அது நியாயமாகப் பட்டதா என்று கேட்டேன். அப்போது இல்லை, ஆனால் அந்த முற்றத்து நேரம் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை, எவ்வளவு களைத்து வந்தாலும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் என்னோடு பத்துப் பந்தாவது போடுவார் என்றாள்.

பந்து எண்ணிக்கை விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்று நானே நேரில் பார்த்தேன். கவர்டிரைவுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2007இலிருந்து லிட்டில் லீக்கில் ஒரு பிள்ளை ஒரு நாளில் இத்தனை பந்துதான் போடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85. எத்தனை போட்டார்களோ அதற்கேற்ப ஓய்வு: 36இலிருந்து 50 வரை போட்டால் இரண்டு நாள், 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள். முழங்கைத் தசைநார் பிய்ந்து, பெரிய ஆட்டக்காரர்களுக்குச் செய்கிற அறுவை சிகிச்சை பள்ளிப் பையன்களுக்கும் செய்யவேண்டி வந்ததால் வந்த விதி.

என் மகளுக்குப் பத்து வயது, அரையிறுதி ஆட்டம், ஒரு ரன் முன்னிலை. அவள் அன்று அருமையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். விதிப்படி இன்னும் இருபதுக்கும் மேல் பாக்கி இருக்கிறது. அவர் நேரே நடந்து போய் பந்தை வாங்கிக்கொண்டார். பெற்றோர் பக்கமிருந்து ஒரே சத்தம், என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றே கத்தினார். கோச் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே தோளை உயர்த்தாமல் எறிய ஆரம்பித்துவிட்டாளாம், அவர் அதைக் கவனித்திருக்கிறார், பெற்ற அப்பன் நான் பார்க்கவில்லை. அந்த ஆட்டம் தோற்றுப்போனது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கே வந்து, அவள் தோளை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

இடதுகை (நியூ ஜெர்ஸி)

விசாரித்துச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பென்சில் குறிப்பு பற்றிப் படித்தபோது, எங்கள் ஊரில் ஒருவராவது இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

பெண் பிள்ளைகள் பற்றி எழுதியிருந்தீர்கள், எங்கள் மாநிலத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. 1972இல் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற 12 வயதுப் பெண்ணை அந்த ஊர் கோச் அணியில் சேர்த்துக்கொண்டார். மூன்று ஆட்டம் ஆடினாள். பெண்ணை வைத்திருந்தால் உங்கள் லீக்கின் உரிமத்தையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து வந்ததால் விலகவேண்டியதாயிற்று. வழக்கு நடந்து, 1974இல் லிட்டில் லீக் கதவு எல்லாப் பெண்களுக்கும் திறந்தது. அதற்குள் மரியாவுக்கு வயது தாண்டிவிட்டது, அவளால் மறுபடி ஆடமுடியவில்லை. டிரைஅவுட்டில் தன் மகளை யாரும் எடுக்காதபோது எழுந்து போய்ப் பெயர் கொடுத்த உங்கள் கோச்சைப் படித்ததும் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

என் கருத்து ஒன்று மாறவில்லை: கோச்சின் பிள்ளை எங்கே ஆடுகிறது என்பதை லீக் நிர்வாகம் கண்காணிக்கவேண்டும். எல்லா அப்பாவும் பென்சில் வைத்துக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

காவிரிக்கரை (பென்சில்வேனியா)

அதை நான் முழுக்க ஏற்கிறேன், இடதுகை.

அப்புறம் 2014 ஆகஸ்ட். மோனே டேவிஸ் எங்கள் பிலடெல்பியாப் பெண், 13 வயது. லிட்டில் லீக் உலகத் தொடரில் ஒரு ரன்கூட விடாமல் முழு ஆட்டமும் பிட்ச் போட்டு ஜெயித்த முதல் பெண், 4-0, எட்டு ஸ்ட்ரைக்அவுட் (அடிக்கவிடாமல் பந்தாலேயே அவுட்டாக்குவது). அந்த ஆட்டத்தைப் பார்க்க கோச் தன் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு டிவியை இழுத்துப் போட்டு, லீக்கில் இருந்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரையும் குடும்பத்தோடு அழைத்தாராம். நாங்கள் வருவதற்கு முந்தைய காலம், அவர் மகள் சொல்லித்தான் தெரியும். அவள் அப்போது கல்லூரியில் இருந்திருக்கிறாள், ஆட்டம் முடியும்வரை அப்பா அவளோடு போனிலேயே இருந்து ஒவ்வொரு பந்தையும் சொல்லிக்கொண்டிருந்தாராம், அவளும் அங்கே அதே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தைமடம் (கலிபோர்னியா)

தாமதமாக வருகிறேன். எங்கள் பக்கத்தில் கோஸ்டா மெசாவில் ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரி இருக்கிறது. அதன் பேஸ்பால் கோச் ஜான் ஆல்டபெல்லி 2020 ஜனவரி 26இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் போன ஹெலிகாப்டர் விபத்தில் மனைவியோடும் மகளோடும் இறந்தார். 27 சீசன், 700க்கும் மேல் வெற்றி, நான்கு முறை மாநிலப் பட்டம். அவர் அந்த ஹெலிகாப்டரில் ஏறியது மகளின் கூடைப்பந்து ஆட்டத்துக்காக. மகள் ஆட்டமென்றால் அவர் அங்கே வெறும் அப்பாதான். இரண்டு நாள் கழித்து அவருடைய அணி திட்டமிட்டபடியே சீசனின் முதல் ஆட்டத்தை ஆடியது. அதனால் சொல்கிறேன், உங்கள் லீக் இந்த வார ஆட்டங்களை ரத்து செய்யலாமா என்று யோசித்தால், ஆடவிடுங்கள். பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒன்றாக இருப்பதுதான் இப்போது தேவை.

சனிக்கிழமை போகிறவர்களுக்கு: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சவப்பெட்டி திறந்திருக்குமா என்று முன்னாலேயே கேட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். வரிசையில் நின்று குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோச் என் பிள்ளைக்கு இதைச் செய்தார் என்று ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாத சம்பவமாக இருந்தால் ரொம்ப நல்லது. என் மாமனார் இறந்தபோது வந்த யாரோ ஒருவர் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பாடு கொடுப்பதென்றால் அடுத்த வாரம் கொடுங்கள், இந்த வாரம் எல்லாரும் கொண்டுவருவார்கள். திருப்பித் தரத் தேவையில்லாத பாத்திரத்தில், காரம் குறைத்து.

கவர்டிரைவ் (டெக்சஸ்)

நினைவாக என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மைதானத்துக்குப் பெயர் வைப்பது நல்லதுதான், ஆனால் அது ஊராட்சி முடிவு, நாளாகும். கட்டணம் கட்டமுடியாத பிள்ளைகளுக்கு ஒரு நிதி வைக்கலாம்.

ஸ்கார்பரோக்காரர் (டொராண்டோ)

நிதி என்றால் நானும் தருகிறேன். ஒரு வேண்டுகோள்: எந்தப் பிள்ளைக்குக் கட்டினது என்று அந்தப் பிள்ளைக்கோ மற்றவர்களுக்கோ தெரியக்கூடாது.

காவிரிக்கரை (பென்சில்வேனியா)

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குடும்பத்தோடு பேசினோம். பூவுக்குப் பதிலாக லீக்குக்கு நன்கொடை கொடுங்கள் என்று அவர்களே அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள், அதனால் நிதியாகவே கொடுக்கிறோம், ஸ்கார்பரோக்காரர் சொன்ன நிபந்தனையையும் லீக் பொருளாளர் ஒத்துக்கொண்டார். அதோடு அந்த க்ளவ் மூட்டையை லீக் அறையில் ஒரு அலமாரியில் வைத்து நடத்தும் பொறுப்பை எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. இடதுகைக்காரர்களுக்கான சின்ன அளவு க்ளவ் இப்போது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வீட்டில் சும்மா கிடந்தால் அனுப்பி வையுங்கள், தபால் செலவை நான் தருகிறேன்.

இந்த வார ஆட்டங்கள் நடக்கும். கோச்சின் மகள் வந்து ஸ்கோர்புக் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை வருகிறவர்கள் லீக் தொப்பியோ ஜெர்ஸியோ போட்டு வரலாம், குடும்பத்தின் விருப்பம் அது. காலை பத்து மணிக்கு. சர்ச் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது, பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.